முப்பத்தொன்று விழுந்த கை

“யாரைக் கேட்டுண்டு பீரோவைத் திறந்தே? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“அம்மா புடவைக்கு அந்துருண்டை போடத் திறந்தேன். கேசட் இருந்தது. ராகவேந்திரா கேட்டார், குடுத்தேன். இதுக்குப் போய்த் தெருவைக் கூட்டறேளே.”

“கூட்டுவேன். குடுத்ததைத் திருப்பி வாங்குடி முதல்ல.”

சந்திரலோக் காலனியில் காலை ஒன்பது மணிக்குச் சத்தம் கேட்டால் அது குக்கர் சத்தமாக இருக்கும், இல்லையென்றால் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுச் சத்தமாக இருக்கும். எண்பத்திரண்டு வயது ஜம்புநாதன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போர்ட்டிகோவில் நின்றார். எதிரே மகள் கிரிஜா. ஐம்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகாமல், அப்பாவுக்கு ரசம் வைத்தே காலத்தைக் கழித்தவள். கேட்டுக்கு வெளியே ஒரு பழைய கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போவதா ஓடிப்போவதா என்று தெரியாமல் விழித்தார் காலனிச் செயலாளர் ராகவேந்திரா.

அந்த நேரம் பார்த்து, தெருவில் போய்க்கொண்டிருந்த முப்பத்தொன்றாம் நம்பர் கல்பகத்தின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அறுந்ததா, அறுந்த மாதிரி குனிந்தாளா என்பதைக் கிளற வேண்டாம். கறிவேப்பிலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, வாரை நிதானமாகச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.

“அங்கிள், கைக்கு இவ்ளோ டென்ஷன்?” என்றார் ராகவேந்திரா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் ஹைதராபாத் ஹிந்தி பாதிக்குப் பாதி; ‘கைக்கு’ என்றால் ‘எதுக்கு’. “டேப்பை நானா சாப்பிடப் போறேன்? லேப்டாப்ல ஒரு காப்பி எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன். நெக்ஸ்ட் சண்டே உங்களுக்குத்தான் மரியாதை, உங்க ப்ரோக்ராமைத்தான் பெரிய ஸ்க்ரீன்ல காட்டப் போறோம்.”

“ஒண்ணும் காட்ட வேண்டாம். முப்பத்தெட்டு வருஷத்து டேப். ஓட்டினா அறுந்துடும்.”

“அறுந்தா அறுந்துட்டுப் போறது,” என்றாள் கிரிஜா. “வரவா போறவாளுக்கெல்லாம் இந்தக் கேசட் கதையைச் சொல்லிச் சொல்லிக் காது புளிச்சுப் போச்சு. காட்டறேன்னு ஒருத்தர் வந்தா கசக்கறதோ?”

ஜம்புநாதன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கல்பகத்துக்கு அதுதான் உறுத்தியது. ஜம்புநாதன் மாமாவாவது, மரியாதை வேண்டாம் என்பதாவது. சால்வை போர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கு முந்தின நாளே தோளைத் தயார் செய்துகொண்டு உட்காருகிற மனிதர்.

அந்தக் கேசட்டின் பெருமையைச் சைனிக்புரிக்கு இந்தப் பக்கம் அறியாதவர் கிடையாது. 1987. ஃபேக்டரி ஊழியர்கள் நாற்பது பேர் சேர்ந்து வாங்கிய நிலம் இது. மேலே பார்க், கீழே நாலா. நாலா என்றால் ஊர்ச் சாக்கடையெல்லாம் சேர்ந்து ஓடுகிற பெரிய கால்வாய். யாருக்கு மேடு, யாருக்குப் பள்ளம் என்று பங்கு பிரிக்கும்போது ஒருவரையொருவர் நம்பவில்லை. பானையில் சீட்டுப் போட்டால் அன்றைய செயலாளரின் மச்சான் கை உள்ளே போகும் என்று பேச்சு. அப்போதுதான் ஜம்புநாதன் எழுந்தார். இங்கிலாந்தில் பயிற்சிக்குப் போனபோது வாங்கிவந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அவரிடம் இருந்தது. பள்ளிக்கூடச் சிலேட் அளவு, ரப்பர் பொத்தான்கள், டிவியில் சொருகினால் ஓடும். எழுதின ப்ரோக்ராமைச் சேமிக்கச் சாதாரண டேப் ரெக்கார்டர், சாதாரண கேசட். “கம்ப்யூட்டருக்கு மச்சான் கிடையாது” என்றார். நாற்பது குடும்பமும் கை தட்டியது. அந்த வாசகத்தை இன்றுவரை காலனியில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குலுக்கலன்று டிவியில் ஒவ்வொரு பெயராக வரும். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும், மனை நம்பர் விழும். ஒன்பதாவதாக வெங்கட்ரமணன் என்று வந்தது. கல்பகத்தின் கணவர். “நீ போய் அழுத்து, வீட்டு மகாலக்ஷ்மி” என்று அவர் தள்ளிவிட, இருபத்தெட்டு வயதுக் கல்பகம், இடுப்பில் கைக்குழந்தை ரஞ்சனோடு போய் அழுத்தினாள்.

முப்பத்தொன்று. நாலாவை ஒட்டின தெருக்கோடி மனை. நாற்பதிலும் அதைவிடப் பள்ளம் கிடையாது.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் வெங்கட்ரமணன் முதல் தடவையாகச் சொன்னார்: “உன் கைராசி தெரிஞ்சுபோச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது சாசனமாகிவிடுகிறது. பாலுக்கு உறை குத்தப் போனால் மாமியார் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்வாள். ரஞ்சனின் ஹால் டிக்கெட்டை அவள் தொடக்கூடாது. புது ஸ்கூட்டருக்குக் குங்குமம் வைக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். ரஞ்சன் கச்சிபௌலியில் ஃப்ளாட் வாங்கியபோது பால் காய்ச்சியவள் அவன் மாமியார். “அத்தை, நீங்க சும்மா உக்காருங்க” என்று மருமகள் பூர்ணா நாற்காலி போட்டாள். எவ்வளவு மரியாதை பாருங்கள்.

முப்பத்தொன்று வருஷா வருஷம் ஈரம் கசிந்தது. 2020 அக்டோபரில் மொத்தமாகவே வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம். மழை அன்றைக்கு நின்று பெய்தது. நாலா மதிலைத் தாண்டி உள்ளே வந்தபோது மாடிப்படிக்குக் கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றவள் கல்பகம்தான், அதுவும் தண்ணீர் ஏறாத படியில். கையை நீட்டினாள்.

“நீ தொடாதே. உன் கை பட்டு எது உருப்பட்டிருக்கு?” என்று சொல்லிவிட்டு வெங்கட்ரமணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். அப்போதும் சிரித்தார். ஸ்விட்சைத் தொட்டார். அவ்வளவுதான்.

மோட்டாரை அணைக்கப் போய் ஷாக் அடித்துச் செத்தார் என்றுதான் காலனிக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னது கல்பகத்துக்கு மட்டும் தெரியும். ஐந்து வருஷமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊர் வம்பெல்லாம் தேடித் தேடிச் சேகரிக்கிறவள்; தன் வீட்டு வம்பு ஒன்றைத் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

ஆகவே செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டு எழுந்தவள் ராகவேந்திராவிடம் கேட்டாள்: “கேசட்டை எதில போட்டு ஓட்டுவேள்?”

“அதுதான் ஆன்ட்டி ப்ராப்ளம். டேப் ரெக்கார்டரே கிடைக்கலை.”

“எங்காத்துல இருக்கு. பரண்ல இருந்ததால தண்ணியில போகலை. ஆனா எங்கயும் குடுக்க மாட்டேன். இங்கே வந்து பண்ணுங்கோ.”

மறுநாள் காலை பத்து மணிக்கு முப்பத்தொன்றாம் நம்பர் ஹாலில் கடை விரிந்தது. மேஜையில் லேப்டாப், பக்கத்தில் வெங்கட்ரமணன் ஸ்லோகம் கேட்ட டேப் ரெக்கார்டர். அதன் இயர்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். கிரிஜாவும் வந்திருந்தாள், அப்பாவிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு. கல்பகம் மூன்று பேருக்கும் காப்பி வைத்தாள். அவள் காப்பியைக் குடிக்க யாரும் பயப்படுவதில்லை. சுபகாரியத்துக்குத்தான் அந்தக் கை ஆகாது.

உடனே ஓடிவிடவில்லை. கேசட்டைப் பிரித்தால், நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு உதிர்ந்து கிடந்தது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் நகத்தளவு வெட்டி ராகவேந்திரா ஒட்டினார். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. கிரிஜா பென்சிலைச் சொருகிச் சுற்ற, அவர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். அப்புறம் ஓட்டினால், ஐயோ அந்தச் சத்தம். காது குடைகிற கீச்சு, நடுவில் தகரத்தைக் கல்லில் இழுக்கிற கரகரப்பு. எதிர்வீட்டு அன்னக்கிளி ஜன்னலைத் திறந்து, “கல்பகம், மிக்ஸி கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

“இந்தச் சத்தம்தான் ப்ரோக்ராம், ஆன்ட்டி,” என்றார் ராகவேந்திரா. “அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எழுத்தையெல்லாம் சத்தமா மாத்தி டேப்ல பாடும். இப்ப நாம அதைக் கேட்டுத் திருப்பி எழுத்தாக்கணும்.”

வால்யூமைக் கூட்டினால் லேப்டாப் குழறியது. குறைத்தால் கேட்கவில்லை என்றது. ஏழு தடவை பாதியில் தப்பு என்று நின்றது. கடைசியில் டேப் ரெக்கார்டரின் தலைக்குப் பக்கத்திலிருக்கிற குட்டி ஸ்க்ரூவை, சத்தம் மங்கலிலிருந்து கூர்மையாகிறவரை, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். அப்போது திரையில் ஒரு பெயர் வந்தது: குலுக்கல் ஒன்று. சற்று நேரம் கழித்து, அதே பக்கத்தில், இன்னொன்று: குலுக்கல் இரண்டு.

“ரெண்டு இருக்கே,” என்றாள் கிரிஜா.

“முதல்ல எழுதினது, அப்புறம் திருத்தினது. டேப்ல எதையும் அழிக்க மாட்டாங்க. அடுத்த இடத்துல பதிஞ்சுட்டுப் போவாங்க. அன்னிக்கு ஹால்ல ஓட்டினது ரெண்டாவதாத்தான் இருக்கும்.”

ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஒரு மென்பொருள் லேப்டாப்பில் இருந்தது. அதில் இரண்டாவதை ஓட்டினார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, செத்துப்போனவர்கள் பாதிக்கு மேல். ஒன்பதாவது வெங்கட்ரமணன்.

“ஆன்ட்டி, நீங்களே அழுத்துங்க.”

“நான் தொட மாட்டேன்.”

அவரே அழுத்தினார். முப்பத்தொன்று.

கல்பகம் சேரைப் பிடித்துக்கொண்டாள். “எப்படி அதே நம்பர்? பழசு உள்ளே பதிஞ்சிருக்கா?”

ராகவேந்திரா நெற்றியைச் சுருக்கினார். அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். ஒன்பதாவது முப்பத்தொன்று. மறுபடி. முப்பத்தொன்று. எழுந்து போய் ஜன்னல் வழியாக நாலாவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஆன்ட்டி, இந்த மாதிரிக் கம்ப்யூட்டர், ஆன் பண்ணினா தினமும் ஒரே இடத்துலேர்ந்துதான் எண்ணைப் பிடிக்க ஆரம்பிக்கும். வேற வேற மாதிரி விழணும்னா அதுக்குன்னு ஒரு வரி எழுதணும். அங்கிள் எழுதலை. முதல் ஆளுக்கு இது, ரெண்டாவது ஆளுக்கு அது, எல்லாம் முன்னாடியே தீர்மானம். ஒன்பதாவதா யார் வந்தாலும் முப்பத்தொன்றுதான்.”

“யார் அழுத்தினாலுமா?”

“பூனை அழுத்தினாலும்.”

அவள் முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள். முதல் பெயரிலிருந்து அழுத்தினாள். எட்டு. ஒன்பது. முப்பத்தொன்று. “கிரிஜா, நீ அழுத்து.” முப்பத்தொன்று. “இன்னொரு தரம்.” மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் பதினெட்டுத் தடவை. ராகவேந்திரா ஆபீஸ் மீட்டிங்கை இரண்டு முறை தள்ளிப்போட்டார். அழுத்த அழுத்தக் கல்பகத்தின் முகத்தில் வந்தது சந்தோஷமா என்று கிரிஜா பார்த்தாள். இல்லை. பதினெட்டாவது தடவை முடிந்ததும் கல்பகம் கேட்டாள்: “ஒண்ணாவதை ஓட்டுங்கோளேன்.”

ஓட்டினார். எட்டுவரை அதே பெயர்கள். ஒன்பதாவது: ஜம்புநாதன். முப்பத்தொன்று. அப்புறம் பழைய வரிசையே. பதினேழாவது: வெங்கட்ரமணன். பன்னிரண்டு.

மேட்டு மூலை, பார்க்குக்கு எதிரே. கிரிஜா வளர்ந்த, இன்றைக்கும் ரசம் வைக்கிற வீடு.

சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படிதான் பெயர் கூப்பிடுவது என்று தீர்மானம். ஜம்புநாதன் ஒன்பதாவது உறுப்பினர், வெங்கட்ரமணன் பதினேழாவது. முதல் ப்ரோக்ராமில் அப்படியேதான் இருந்தது. இரண்டாவதில் இந்த இரண்டு பெயர் மட்டும் இடம் மாறியிருந்தன. வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கல்பகத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தது. ஒன்பதாவதாக அவர்கள் பெயர் வந்ததும் யாரோ, “அது ஜம்புநாதன் சார் நம்பராச்சே” என்றார்கள். ஜம்புநாதன் எழுந்து நின்று, “அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட எவ்வளவு நேரம் நிப்பா? என் முறையை அவாளுக்கு விட்டுக்குடுத்துட்டேன்” என்றார். ஹால் முழுக்க, என்ன மனசு, என்ன மனசு என்று பேச்சு. கல்பகம் நெகிழ்ந்துபோனாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெருந்தன்மையை அவளே நூறு பேரிடம் சொல்லியிருப்பாள்.

அன்று நாலு மணிக்கு அவள் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனாள். கிரிஜா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஜம்புநாதன் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் படிக்கவுமில்லை.

“மாமா, ஒண்ணு கேக்கணும். முன்னாடியே ஓட்டிப் பாத்தேளா?”

“எதை?”

“நீங்க கேசட்டைத் தர மாட்டேன்னு குதிச்சேளே, அதை.”

பேப்பரை மடித்தார். நான்காக மடித்தார். “ப்ரோக்ராம் எழுதினா யாரும் ஒரு தடவை ஓட்டித்தான் பாப்பா. சரியா வேலை செய்யறதான்னு தெரிய வேண்டாமா?”

“முப்பத்தொண்ணு வந்தது.”

“வந்தது. அணைச்சுட்டு ஓட்டினேன். அப்பவும் வந்தது. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது, இது மாறாதுன்னு.”

“மாறறதுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமாமே.”

“எழுதியிருக்கலாம்.” மடித்த பேப்பரைப் பக்கத்தில் வைத்தார். “ஆத்துக்காரி கமலத்துக்கு அப்பவே இழுப்பு. நாலாப் பக்கத்து ஈரத்துல அவ ஆறு மாசம் தாங்க மாட்டா. நாப்பது பேர்ல யாரோ ஒருத்தர் அங்கே போய்த்தான் ஆகணும், கல்பகம்.”

“யாரோ ஒருத்தர்னா நாங்களா?”

“பன்னெண்டு உங்களுக்கு விழுந்திருந்தது. நல்ல மனை.” ஃபேக்டரியில் ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே சொன்னார். “உனக்குக் கைக்குழந்தை. அந்தக் காரணத்தைச் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டா. நாலாவை ரெண்டு வருஷத்துல மூடிடுவான்னு எல்லாரும்தான் சொன்னா. நானும் நம்பினேன்.”

கமலம் மாமி மேட்டு வீட்டிலும் ஏழு வருஷம்தான் உயிரோடு இருந்தாள். கல்பகம் கேட்டது வேறு: “அப்புறம் ஏன் அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடலை?”

“நான் எழுதின முதல் ப்ரோக்ராம்,” என்றார். முதல் தடவையாக அவர் குரலில் ஏதோ ஒன்று உடைந்தது. அது கேசட்டுக்காக.

“எனக்கு வீடு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மேடையில ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. யார் அழுத்தியிருந்தாலும் முப்பத்தொண்ணுதான் வந்திருக்கும், கல்பகத்தோட கை இல்லேன்னு. ரஞ்சனும் பூர்ணாவும் வருவா. உங்க பேரைக்கூட இழுத்துக்க வேண்டாம்.”

“பாக்கலாம்,” என்றார் ஜம்புநாதன்.

காலனிக்காரர்கள் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று காலனிக்குத் தெரியும். இருந்தாலும் கல்பகம் மூன்று நாள் காத்திருந்தாள்.

ஞாயிறு காலை கம்யூனிட்டி ஹால் நிரம்பியிருந்தது. பின்னால் சமையல்காரர் சாம்பாருக்குத் தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்த வாசனை. சால்வை, மாலை, ஒரு பித்தளைக் கேடயம். ராகவேந்திரா காலையிலேயே கல்பகத்திடம், “ஆன்ட்டி, பழைய விஷயம், ஃபங்ஷன்ல நக்கோ, வேண்டாம்” என்று கெஞ்சிப் பார்த்தார். ஜம்புநாதன் இருபது நிமிஷம் பேசினார். இங்கிலாந்துக் குளிர், ரப்பர் பொத்தான், நாற்பது குடும்பத்தின் நம்பிக்கை எல்லாம் வந்தது. கல்பகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், “கம்ப்யூட்டருக்கு மச்சான் கிடையாது” என்று முடித்தார். கை தட்டினார்கள்.

கை தட்டல் அடங்கினபோது கல்பகம் எழுந்து நின்றாள். மைக் இல்லை. தேவையும் இல்லை, தெருக்கோடியில் காய்கறி வண்டியை நிறுத்துகிற குரல்.

“ராகவேந்திரா, ப்ரோக்ராமைக் காட்டறேன்னேளே. ரெண்டாவதை ஓட்டுங்கோ. பூர்ணா, நீ போய் அழுத்தும்மா.”

மறுக்க முடியாத இடம். பெரிய திரையில் பெயர்கள் வந்தன. பழைய பெயர்களைப் பார்த்து ஹாலில் உச்சுக்கொட்டல். ஒன்பதாவது, வெங்கட்ரமணன். பூர்ணா அழுத்தினாள். முப்பத்தொன்று.

“அணைச்சுட்டு மறுபடி. ரஞ்சன், நீ.”

“அம்மா, ப்ளீஸ். வாட் இஸ் திஸ்?”

“அழுத்துடா.”

முப்பத்தொன்று. அன்னக்கிளி அழுத்தினாள், முப்பத்தொன்று. ஹாலில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. “ஜம்புநாதன் மாமா, இப்ப நீங்க வாங்கோ. முதல்ல எழுதின ப்ரோக்ராம், நீங்க ஆத்துல ஓட்டிப் பாத்தது. வந்து அழுத்துங்கோ.”

அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். “முட்டி வலி,” என்றார்.

மேடையின் மறுபக்கத்திலிருந்து கிரிஜா நடந்து போனாள். ராகவேந்திராவைப் பார்த்தாள். அவர் முதலாவதை ஓட்டினார். அவள் நிதானமாக ஒன்பது தடவை அழுத்தினாள். திரையில், ஆளுயர எழுத்தில்: ஜம்புநாதன், முப்பத்தொன்று. நிறுத்தவில்லை. பதினேழுவரை போனாள். வெங்கட்ரமணன், பன்னிரண்டு. விரலை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் கேடயத்தில் தன் பெயர் சரியாகப் பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்து, “சாப்பாடு ஆறிடும்” என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. இலை போட்டார்கள். இரண்டாவது சாம்பாருக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. மனுஷன் பெண்டாட்டிக்காகச் செய்தார், அதில் என்ன தப்பு என்று ஒரு பந்தி. விதி என்று ஒன்று இருந்தால் வெங்கட்ரமணன் மேட்டு வீட்டிலும் ஷாக் அடித்துத்தான் போயிருப்பார் என்று இன்னொரு பந்தி. கடைசிப் பந்தியில் ஒரு மகராசி சொன்னதுதான் கல்பகத்தின் காதில் விழுந்தது: “நாப்பது பேர் இருக்க, அவர் மாத்தறதுக்கு இவா பேர்தானே கிடைச்சுது? ராசி இல்லாமயா?”

காரில் ஏறும்போது ரஞ்சன், “இதை வீட்டுல தனியா சொல்லியிருக்கலாம்மா” என்றான். பூர்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ஒரு மாதத்துக்குள் கிரிஜா ஒரு சூட்கேஸோடு பன்னிரண்டாம் நம்பரை விட்டு மல்காஜ்கிரிக்குக் குடிபோனாள். அடுத்த தையில் ராஜீவ் என்கிற ரயில்வே ஆபீஸ்காரரை, மனைவியை இழந்தவரை, ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். ஐம்பத்து மூன்று வயதில் என்ன அவசரம் என்று காலனி கேட்டது. ஜம்புநாதன் கல்யாணத்துக்குப் போகவில்லை. மேட்டு வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் தம்பி மகனோடு இருக்கப் போனார். போகிற அன்று ராகவேந்திராவிடமிருந்து கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராகவேந்திரா செயலாளர் பதவியை விட்டார். ரஞ்சன் முப்பத்தொன்றை விற்கப் பார்த்தான். நாலாவை ஒட்டின வீட்டை யாரும் பார்க்கக்கூட வரவில்லை. கல்பகம் அங்கேயேதான் இருக்கிறாள், மாடியில்.

கிரிஜா புது வீட்டில் பால் காய்ச்சக் கல்பகத்தைத்தான் கூப்பிட்டாள். “மாமி, உங்க கையாலதான்.” காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கல்பகம் போனாள். அடுப்பைத் துடைத்து, கோலம் போட்டு, புதுப் பாத்திரத்தில் பாலை வைத்து, லைட்டரை அவள் கையில் கொடுத்தார்கள். கல்பகம் கேஸ் குமிழில் விரலை வைத்தாள். ராஜீவின் அக்கா, கிரிஜா, ராஜீவ் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினெட்டுத் தடவை அழுத்தின விரல்தான். பூனை அழுத்தினாலும் அதே நம்பர் என்று லேப்டாப்பே சொல்லிவிட்டது. ஆனால் அவள் காதில் கேட்டது மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் சத்தமும், நீ தொடாதே என்று சிரிக்கிற குரலும். விரல் குமிழைத் திருப்பவில்லை.

“மாமி?”

“நீயே பத்த வைடி,” என்றாள் கல்பகம், லைட்டரை நீட்டி. “கை கொஞ்சம் மரத்துப் போச்சு.”

கிரிஜா ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பற்ற வைத்தாள். பால் நன்றாகத்தான் பொங்கியது. கல்பகம் அரை டம்ளர் குடித்தாள், புதுத் தம்பதிக்கு ரவிக்கைத்துணியும் டவலும் வைத்துக் கொடுத்தாள், ராஜீவின் அக்காவுக்கு எத்தனை குழந்தைகள், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மூன்று மணி பஸ்ஸில் முப்பத்தொன்றாம் நம்பருக்குத் திரும்பிவிட்டாள்.